கோரிக்கை வடிவில் ஒரு தடை: இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் 1921ஆம் ஆண்டுத் தீர்மானமும் கழக மைதானங்களும்

முன்னுரை

தேசிய விளையாட்டுச் சங்கங்கள் தம்முடன் இணைந்த உள்ளூர்க் கழகங்களுக்கு அனுப்பும் அறிவிப்புகள் வரலாற்று ஆய்வில் பெரிதும் இடம்பெறுவதில்லை. பதிவுக் கட்டணம், நடுவர் நியமனம், வீரர் இடமாற்றம், போட்டி அட்டவணை ஆகியவற்றைப் பற்றிய அவ்வறிவிப்புகள் பருவம் முடிந்ததும் பயனிழந்து கோப்புகளில் அடங்கிவிடுகின்றன. எனினும் அவற்றுள் ஒன்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒரு நாட்டின் விளையாட்டு வாழ்வைத் தீர்மானித்தது. 1921 டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் ஆட்சிக்குழு நிறைவேற்றிய தீர்மானமே அது. மகளிர் கால்பந்துக்கு விதிக்கப்பட்ட தடை என்றே வரலாற்று நூல்கள் அதனைக் குறிக்கின்றன. ஆனால் பெண்கள் விளையாடக் கூடாது என்ற கட்டளை அத்தீர்மானத்தில் இல்லை. இணைவு பெற்ற கழகங்கள் தம் மைதானங்களை அத்தகைய போட்டிகளுக்குத் தர மறுக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது, அவ்வளவே. பெண்களை நோக்கி ஒரு சொல்லும் கூறாத கோரிக்கை பெண்களுக்குரிய தடையாக இயங்கிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைவு என்னும் பிணைப்பு

1863ஆம் ஆண்டு லண்டனில் ஒரு விடுதியில் கூடிய சில கழகங்களின் பிரதிநிதிகளால் தோற்றுவிக்கப்பட்ட கால்பந்துச் சங்கம், தொடக்கத்தில் விதிகளை ஒருமைப்படுத்தும் அமைப்பாகவே இருந்தது. 1871-72இல் கோப்பைப் போட்டியைத் தொடங்கியதும், 1885இல் ஊதியம் பெறும் வீரர்களை ஏற்றுக்கொண்டதும் அதன் அதிகாரத்தை விரிவாக்கின. கவுண்டிதோறும் அமைந்த சங்கங்கள் அதற்குக் கீழும், உள்ளூர்க் கழகங்கள் அக்கவுண்டிச் சங்கங்களுக்குக் கீழும் நின்றன. இவ்வடுக்கில் இடம்பெறாத அணியுடன் இடம்பெற்ற அணி ஆடுவது குற்றம். நடுவரும் எல்லைக்கோட்டு நடுவரும் இதே பதிவு முறையால் கட்டுண்டவர்கள்.

இத்தகைய அமைப்பில் கோரிக்கைக்கும் ஆணைக்கும் இடையிலான தொலைவு மிகச் சிறிது. சங்கம் கேட்டுக்கொண்டதை மறுக்கும் கழகம் கோப்பைப் போட்டியையும், எதிரணிகளையும், வீரர்களின் பதிவையும் இழக்கும் நிலைக்கு ஆளாகக்கூடும். எனவே பணிவான சொல்லாட்சி இங்கு வழக்காறு மட்டுமே. அரசின் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம். தன் உறுப்பினர்க்கு ஒரு தனியார் சங்கம் விடுக்கும் கோரிக்கையை அச்சங்கத்தின் உறுப்பினரல்லாத பெண்கள் எங்குச் சென்று எதிர்ப்பது? பெண்களுக்குப் பல தொழில்களின் வாயிலைத் திறந்த சட்டம் 1919இல் நிறைவேறியிருந்தது. விளையாட்டுச் சங்கங்களின் உள் நடவடிக்கைகளை அது தீண்டவில்லை.

1921ஆம் ஆண்டுத் தீர்மானம் முன்மாதிரி அற்றதும் அன்று. 1895 மார்ச்சில் வட லண்டனின் கிரவுச் எண்டில் பிரித்தானிய மகளிர் கால்பந்துக் கழகம் ஆடிய போட்டி பெருங்கூட்டத்தையும் பத்திரிகைகளின் ஏளனத்தையும் ஒருங்கே ஈர்த்தது. 1902இல், மகளிர் அணிகளுடன் ஆடுவதை அனுமதிக்க வேண்டா எனச் சங்கம் தன் கிளைச் சங்கங்களுக்கு அறிவுறுத்தியது. அன்று தடுக்கப்பட்டது ஆண் அணிக்கும் பெண் அணிக்கும் இடையிலான ஆட்டம். பெண்கள் தமக்குள் ஆடுவதைத் தடுக்கும் தேவை அப்போது எழவில்லை. அவ்வாட்டங்கள் எவருடைய வருவாயையும் பாதிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

போர்க்கால வளர்ச்சி

முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1914-15 பருவத்திற்குப் பின் ஆண்களின் தேசியப் போட்டித் தொடர்கள் நிறுத்தப்பட்டன. படைக்கலத் தொழிற்சாலைகளில் ஆண்களின் இடத்தை நிரப்பிய பெண்கள், உணவு இடைவேளைகளில் தொடங்கிய ஆட்டத்தை அணிகளாக வளர்த்தெடுத்தனர். வடகிழக்கு இங்கிலாந்தில் படைக்கலத் தொழிலாளர் மகளிருக்கெனத் தனிக் கோப்பைப் போட்டியே நடைபெற்றது. 1918 மே மாதம் மிடில்ஸ்பரோ கழகத்தின் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிளைத் ஸ்பார்டன்ஸ் மகளிர் அணி வென்றது.

பிரெஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலை அணி இவற்றுள் தலையாயது. தொழிற்சாலை அலுவலரான ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் அதன் மேலாளர். 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, போரில் காயமுற்றோரின் மருத்துவமனைக்காகப் பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்தின் டீப்டேல் மைதானத்தில் இவ்வணி ஆடியபோது 10,000 பேர் திரண்டனர். மூன்றாண்டுகள் கழித்து, 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியுடன் நடந்த ஆட்டத்தை 53,000 பேர் கண்டனர். இடமின்றித் திரும்பியவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அன்றைய வசூல் 3,115 பவுண்டு.

இவ்விரு ஆட்டங்களும் நடந்த இடங்கள் கருதத்தக்கவை. இரண்டும் தொழில்முறை ஆண் கழகங்களின் மைதானங்கள். சுற்றுச்சுவரும் நுழைவுச் சுழல்கதவும் பார்வையாளர் மேடையும் உள்ள மைதானம் இருந்தால்தான் கட்டணம் வசூலிக்க இயலும். பூங்காத் திடலில் ஆடலாம். அங்குச் சீட்டு விற்க முடியாது. மகளிர் கால்பந்தின் வருவாய் முழுவதும், ஆகவே அதன் பொதுமதிப்பிற்கு அடிப்படையான அறக்கொடை முழுவதும், சங்கத்துடன் இணைந்த கழகங்களின் வேலிகளுக்குள்ளேயே திரட்டப்பட்டது. அந்த வேலியின் சாவி யாரிடம் இருந்தது என்பதை 1921 காட்டியது.

தீர்மானத்தின் சொற்களும் காரணங்களும்

தீர்மானம் இரு வகைப் புகார்களைச் சுட்டுகிறது. கால்பந்து பெண்களுக்குச் சிறிதும் பொருந்தாத விளையாட்டு, அதனை ஊக்குவித்தல் தகாது என்பது முதலாவது. போட்டி வருவாயில் மிகுதியான பகுதி செலவினங்களில் கரைகிறது, அறப்பணிக்குப் போதிய பங்கு சேர்வதில்லை என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் காரணமாக்கியே மைதானம் மறுக்கும் கோரிக்கை முன்வைக்கப்படுகிறது.

முதற்காரணம் கருத்து, அதற்குச் சான்று தேவைப்படவில்லை. இரண்டாவது காரணம் குற்றச்சாட்டு. அதற்குச் சான்று வேண்டும். தீர்மானமோ எந்த அணியையும், எந்தப் போட்டியையும், எந்தத் தொகையையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. கணக்குகளில் முறைகேடு இருப்பின் தணிக்கையைக் கட்டாயமாக்கலாம்; குற்றம் புரிந்த அணிக்கு மட்டும் மைதானத்தை மறுக்கலாம். சங்கம் தேர்ந்ததோ எல்லா அணிகளையும் ஒருசேர வெளியேற்றும் வழி. செலவினம் என்பதன் பொருளையும் இங்கு நோக்க வேண்டும். டிக், கெர் அணியினர் வேலையிழப்பை ஈடுசெய்ய ஆட்டத்திற்கு 10 ஷில்லிங் பெற்றனர். அதே காலத்தில் ஆண் தொழில்முறை வீரருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச ஊதியம் வாரத்திற்கு 9 பவுண்டு, அதாவது 180 ஷில்லிங்.

தீர்மானத்தின் உள்நோக்கம் குறித்து ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1921 ஏப்ரல் முதல் ஜூன் இறுதி வரை நீடித்த நிலக்கரிச் சுரங்கக் கதவடைப்பின்போது மகளிர் அணிகள் பல, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆடி நிதி திரட்டின. படைவீரர் மருத்துவமனைக்கு ஆடியபோது போற்றப்பட்ட பணி, வேலையிழந்த தொழிலாளர்க்கு உதவியபோது அரசியலாகிவிட்டது என்பது ஒரு விளக்கம். இதனைப் புறந்தள்ள இயலாது. எனினும் கழகங்களின் பொருளியல் நிலையோடு இணைத்து நோக்கும் விளக்கமே கூடுதல் வலுவுடையது. 1919-20இல் 44 கழகங்களைக் கொண்டிருந்த கால்பந்து லீக், மூன்றாம் பிரிவும் அதன் வடபகுதியும் சேர்க்கப்பட்டதால் 1921-22இல் 86 கழகங்களாகப் பெருகியது. புதிதாகச் சேர்ந்த சிறுநகரக் கழகங்கள் பலவும் மகளிர் அணிகள் செழித்த தொழில் வட்டாரங்களைச் சார்ந்தவை. ஒரே ஊரின் பார்வையாளர் காசுக்கு இரு வகை ஆட்டங்கள் போட்டியிடுவதை அவை விரும்பியிருக்கக் காரணமில்லை.

ஒரு மருத்துவச் சான்றும் சென்னையும்

பெண் உடலுக்குக் கால்பந்து ஒவ்வாது என்ற கருத்துக்குப் பத்திரிகைகள் மருத்துவர் கூற்றுகளைத் துணைக்கொண்டன. அவற்றுள் பெரிதும் எடுத்தாளப்பட்டது லண்டன் ஹார்லி தெரு மருத்துவர் மேரி ஷார்லீப்பின் கருத்து. பெண்ணின் உடலமைப்பு தாங்கவியலாத ஆட்டம் இது என்று அவர் கூறினார். இப்பெயர் சென்னை மருத்துவ வரலாற்றை அறிந்தோர்க்குப் புதிதன்று. வழக்கறிஞரான கணவருடன் சென்னையில் வாழ்ந்த ஷார்லீப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதல் நான்கு பெண்களுள் ஒருவர். பின்னர் லண்டனில் பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பி, 1885இல் கோஷா மகளிருக்கான மருத்துவமனை தோன்றக் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இன்று விளங்கும் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே முதியோர் பலர் வழங்குவர்.

மருத்துவக் கல்வியே பெண்ணின் உடலும் உள்ளமும் தாங்காத சுமை என்ற வாதத்தைத் தம் வாழ்வால் உடைத்தவர், அதே வாதத்தை விளையாட்டுக்குப் பயன்படுத்தியதை வெறும் முரண் எனக் கடந்துவிடலாகாது. மகப்பேறும் மகளிர் நோயும் அவருடைய துறைகள். தாய்மைக்கென உடலாற்றலைச் சேமித்தல் என்னும் கருத்து அத்தலைமுறையின் பெண் மருத்துவரிடையேயும் வேரூன்றியிருந்தது. கழகங்களுக்கான நிருவாகத் தீர்மானம் ஒன்று அறிவியல் தோற்றம் பெறுவதற்கு இத்தகைய கூற்றுகள் உதவின. ஆண்கள் கூறியிருந்தால் தன்னலம் எனத் தள்ளப்படக்கூடிய கருத்து, பெண் மருத்துவர் ஒருவரின் வாய்மொழியாக வந்தபோது மறுத்தற்கரியதாயிற்று.

மைதானம் இழந்த பின்

தீர்மானம் வெளிவந்த அதே மாதத்தில் மகளிர் அணிகள் கூடி இங்கிலாந்து மகளிர் கால்பந்துச் சங்கத்தை அமைத்தன. அதன் கோப்பைப் போட்டி 1922இல் நடைபெற்றது; ஸ்டோக் அணி வென்றது. சங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. அமைப்பும் விதிகளும் ஆட்டக்காரரும் இருந்தும் கட்டணம் வசூலிக்கும் வேலி இல்லாததே அதன் அடிப்படைக் குறை.

டிக், கெர் அணி 1922இல் அட்லாண்டிக்கைக் கடந்தது. கனடாவின் கால்பந்துச் சங்கம் எதிர்த்ததால் அங்கு ஆட இயலாமல், அமெரிக்காவில் ஆண் அணிகளுடன் மோதியது. 1926இல் பிரெஸ்டன் மகளிர் அணி எனப் பெயர் மாறி, 1965 வரை ஆடியது. 1949இல் தொடங்கப்பட்ட மான்செஸ்டர் கொரிந்தியன்ஸ் மகளிர் அணியின் நிலை இன்னும் தெளிவான சான்று. தன் ஊரில் ஃபாக் லேன் பூங்காத் திடலில் ஆடிய அவ்வணி, 1957இல் பெர்லின் சென்று பன்னாட்டுப் போட்டியில் வென்று திரும்பியது.

தீர்மானத்தின் கரம் எவ்வளவு நீண்டது என்பதற்கு 1947இல் கெண்ட் கவுண்டியில் நிகழ்ந்தது எடுத்துக்காட்டு. உள்ளூர் மகளிர் அணிக்கு மேலாளராகவும் பயிற்சியாளராகவும் உதவியதற்காக ஒரு நடுவரைக் கவுண்டிச் சங்கம் இடைநீக்கம் செய்தது. 26 ஆண்டுகளுக்கு முன் மைதானம் பற்றி எழுந்த கோரிக்கை, அதற்குள் மனிதர்களையும் பற்றியதாக விரிந்துவிட்டிருந்தது. மேலிருந்து வந்த சொல்லின் எல்லையைக் கீழிருந்த நிருவாகமே அகலப்படுத்திக்கொண்டது.

நீக்கம்

பிரேசிலில் 1941ஆம் ஆண்டு அரசாணை பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளைத் தடுத்தது. அது அரசின் கட்டளை. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955 ஜூலையில் இங்கிலாந்தின் வழியையே பின்பற்றியது. மகளிர் பிரிவு தொடங்கவும் மைதானம் தரவும் கழகங்களுக்குத் தடை. போட்டியை நடத்த நடுவர்களுக்குத் தடை. இங்கிலாந்துத் தீர்மானம் கோரிக்கையாகச் சொன்னதை ஜெர்மானியச் சங்கம் வெளிப்படையாகவே ஒவ்வொன்றாக வகுத்துரைத்தது. 1970 அக்டோபர் 31 அன்று அதுவே அதனை விலக்கிக்கொண்டது.

இங்கிலாந்தில் நீக்கமும் நிருவாக நடையிலேயே அமைந்தது. 1969இல் 44 கழகங்களுடன் மகளிர் கால்பந்துச் சங்கம் உருவானது. அதையடுத்துக் கால்பந்துச் சங்கம் தன் பழைய தீர்மானத்தை விலக்கியது. நூல்கள் சில இதற்கு 1970ஐயும் சில 1971ஐயும் தருகின்றன. அரை நூற்றாண்டுத் தடை முடிவுற்ற நாள் எது என்பதில் இத்தகைய வேறுபாடு நிலவுவதே, அது எவ்வளவு ஓசையின்றி முடித்துவைக்கப்பட்டது என்பதை உணர்த்தும். 1971இல் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் மகளிர் ஆட்டத்தைத் தேசியச் சங்கங்கள் ஏற்க வேண்டுமெனப் பரிந்துரைத்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஸ்காட்லாந்து. இங்கிலாந்துச் சங்கம் மகளிர் ஆட்டத்தின் நேரடிப் பொறுப்பை ஏற்றதோ 1993இல்.

டிக், கெர் அணியின் புகழ்மிக்க முன்கள வீராங்கனை லிலி பார் 1978இல் மறைந்தார். 2002இல் இங்கிலாந்துக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதற்பெண் அவரே. 1921ஆம் ஆண்டுத் தீர்மானத்திற்காகக் கால்பந்துச் சங்கம் 2008இல் மன்னிப்புக் கோரியது. முந்தைய தீர்மானம் கழகங்களை விளித்தது. இந்த மன்னிப்பு, 87 ஆண்டுகளுக்குப் பின், பெண்களை விளித்தது.