ஊரு தாண்டட்டும்: வெயில், தோல், குடை பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

என் தாத்தாவிடம் ஒரு குடை இருந்தது. மூங்கில் பிடி போட்ட கறுப்புத் துணிக் குடை. இரண்டு கம்பி உடைந்து நூல் போட்டுக் கட்டியிருக்கும். 1973 அல்லது 74ஆக இருக்கலாம். எனக்கு எட்டு வயது. சித்திரை மாசம். சந்தைக்குப் போய்விட்டு இராமநாதபுரத்துப் பொட்டல் வழியாக நடந்து வருகிறோம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கருவேல முள்ளும் பனையும்தான். தாத்தா குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊர்த்தெரு முனை வந்ததும் மடக்கிக் கக்கத்தில் இடுக்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மணல் கொதிக்கிறது. 'ஏன் தாத்தா மடக்குற, சுடுதே'ன்னு கேட்டேன். 'ஊரு தாண்டட்டும்டா'ன்னார். தாண்டியதும் திரும்ப விரித்தார். அங்கிருந்து எங்கள் தெருவுக்கு நூறு எட்டு இருக்கும். அந்த நூறு எட்டுக்கு எனக்கு நிழல் கிடைத்தது.

அன்று யாரும் அவரை மறிக்கவில்லை. உச்சிவெயில், தெருவில் ஒரு குஞ்சு இல்லை. திண்ணையில் யாராவது இருந்தார்களா என்றுகூட எனக்கு நினைவில்லை. குடையை மடக்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து, ஒரு கல்லூரி நூலகத்தில்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவர் ஜே. எச். ஹட்டன். இந்தியாவில் சாதி குறித்து 1946ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இராமநாதபுரம் பற்றி ஒரு பகுதி வருகிறது. 1930 டிசம்பரில் அங்கே கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. தடைகள் இவை: தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி என்று எதைக்கொண்டும் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. எட்டாவது, வெயிலுக்கும் மழைக்கும் ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்புப் போடக் கூடாது.

1930ல் தாத்தாவுக்குப் பதினைந்து வயசு இருக்கும். நாற்பத்துச் சொச்சம் வருஷம் கழித்தும் எட்டாவது தடை அவர் கக்கத்தில் இருந்திருக்கிறது.

இந்தப் பட்டியலை நம் தோழர்கள் பல தடவை எடுத்தாண்டிருக்கிறார்கள். மானம், மரியாதை, அந்தஸ்து என்ற கோணத்தில்தான் பெரும்பாலும் வாசித்திருக்கிறோம். அது சரியான வாசிப்புதான். ஆனால் இதில் தோல் என்று ஒன்று இருக்கிறது. எட்டில் நான்கு தடைகள், அதாவது இரண்டு, மூன்று, ஆறு, எட்டு, ஒரு உடம்பின் எந்தெந்தப் பாகத்தில் வெயில் விழ வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. இன்றைக்கு எந்தத் தோல் மருத்துவரிடம் போனாலும் என்ன சொல்கிறார்? முழுக்கைச் சட்டை போடுங்க, காலை மூடுகிற மாதிரி உடுத்துங்க, குடை கொண்டுபோங்க, தலையில் ஏதாவது போட்டுக்கங்க, பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வெயிலில் நிற்காதீங்க. அந்தச் சீட்டை ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் போட்டால் 1930 டிசம்பர் வந்துவிடுகிறது.

கடைசி வரி மட்டும் பாக்கி. அதையும் அடுத்த வருஷமே எழுதிவிட்டார்கள். 1931ல் தடைகள் பதினொன்றாகப் பெருகின. அவற்றில் ஒன்று வேலை நேரம்: மிராசுதார் நிலத்தில் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை, கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பள்ளிக்கூடத்துக் கூரையும் ஒரு நிழல்தானே, அதற்கும் இடம் வைக்கவில்லை. இராமநாதபுரம் பூமத்திய ரேகைக்கு ஒன்பது பாகை வடக்கே கிடக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை, சித்திரையிலும் ஆவணி வாக்கிலும், சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே வரும். அந்த வெயிலில் பதினோரு மணி நேரம் திறந்த முதுகு.

மன்னனின் வெண்கொற்றக் குடை குடிமக்கள் அத்தனை பேருக்கும் நிழல் என்று நம் பழம்புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குடை ஆட்சியின் அடையாளமாக இருக்கிற நாட்டில், அதைத் தூக்குகிற எந்தக் கையும் ஆட்சிக்குப் போட்டியாகத்தான் தெரியும். திருவிதாங்கூரில் சாணார்களுக்குக் குடையும் செருப்பும் தங்க நகையும் மறுக்கப்பட்டிருந்தன. தோள்சீலைக்காக 1822லிருந்து அடிபட்டு, 1858-59ல் வீடுகள் எரிந்து, 1859 ஜூலையில் அரசாணை வந்தபோதும் முழு உரிமை கிடைக்கவில்லை. மேலுடம்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்றுதான் ஆணை சொன்னது.

எட்டுத் தடைகளில் சொல்லப்படாத ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். துண்டு. வயலில் வேலை செய்கிறவனுக்குத் தலைத்துண்டுதான் தொப்பி, அதுதான் குடை, வேர்வை துடைப்பதும் அதால்தான். ஆண்டை வரப்பில் வந்து நின்றால் துண்டு தலையிலிருந்து இறங்கிக் கக்கத்துக்கோ இடுப்புக்கோ போக வேண்டும். அவர் கணக்குக் கேட்டு முடிக்கிறவரை தலை வெயிலில். அவர் தலைக்குமேல் குடை. பணிவு என்கிற சொல்லை நம் ஆட்களின் உச்சந்தலை இப்படித்தான் கற்றுக்கொண்டது.

வெள்ளைக்காரன் கதை வேறு. இந்த வெயில் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஊடுருவித் தன்னைப் பைத்தியமாக்கிவிடும் என்று அவன் நிஜமாகவே நம்பினான். நெட்டியில் செய்த சோலா தொப்பி தலைக்கு. முதுகுத்தண்டுக்கு என்று சட்டைக்குள்ளே ஒரு தனித் திண்டு. நெட்டி நம் குளத்தில் விளைகிற செடிதான். அந்தத் தொப்பியைப் போட்ட துரைகளின் ஆட்சியில்தான், குடை பிடிக்கக் கூடாது என்று இராமநாதபுரத்தில் தடை போட்டுக் குடிசை கொளுத்தினார்கள்.

வெயிலுக்குப் பூசுகிற களிம்பு வணிகச் சரக்காகப் பரவியதும் இதே காலத்தில்தான். 1935ல் பிரான்சில் லோரியல் கம்பெனியை நிறுவிய யூஜின் ஷுவெல்லர் 'ஆம்ப்ர் சொலேர்' என்ற எண்ணெயைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம், 1936ல், அந்த நாட்டுத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. கடற்கரைக்குப் போனார்கள், பூசிக்கொண்டு படுத்தார்கள். தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே வெளிறிப்போன உடம்புக்குக் கொஞ்சம் கறுப்பது ஓய்வின் அடையாளம், வசதியின் அடையாளம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கிரைட்டர் மலையேறுகிறவர்களுக்கு ஒரு களிம்பு செய்தார். எந்தக் களிம்பு எத்தனை மடங்கு காக்கும் என்று சொல்கிற எஸ்.பி.எஃப். எண்ணை 1974ல் பரப்பியதும் அவர்தான். ஆக, இந்தச் சரக்கின் பிறப்பிலேயே விடுமுறை இருக்கிறது. வெயிலுக்குத் தானாக விரும்பிப் போகிறவனுக்காகச் செய்தது.

இங்கே அது வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள். 1975ல் இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யை விற்கத் தொடங்கியது. அதிலும் வெயிலைத் தடுக்கிற ரசாயனம் உண்டு. ஆனால் விளம்பரம் பேசியது தோலின் ஆரோக்கியத்தை அல்ல, சிவப்பை. கறுப்பு வயல்வேலையின் நிறம் என்று சாதிச் சமூகம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பாடத்தின் மேல்தான் அந்த ட்யூப் உட்கார்ந்தது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 2020ல், பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்து 'குளோ' என்று மாற்றினார்கள். இன்றும் எங்கள் பக்கத்துக் கடையில் 'வெயிலுக்குப் பூசுற கிரீம் குடுங்க'ன்னு கேட்டால், 'வெள்ளையாக்குறதா அண்ணே?'ன்னுதான் திருப்பிக் கேட்கிறான்.

இந்த வெறுப்பில் நாம் ஒரு தப்பும் செய்திருக்கிறோம். நானும் செய்தேன். வெயில் களிம்பு என்றாலே சிவப்பழகு மோசடி, கறுப்பே அழகு, நம்ம தோலுக்கு இதெல்லாம் வேணாம் என்று மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். பிறகு ஒரு கோடையில் என் முன்கை முழுதும் கொப்புளமும் அரிப்புமாக வந்தது. நகரத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். ஊர் பெயரைக் கேட்டார், அப்பா என்ன வேலை என்று கேட்டார். 'வெயில் உங்க ஆளுங்கள ஒண்ணும் பண்ணாது, பழகின தோல்'ன்னு சொல்லி ஏதோ அரிப்பு மருந்து எழுதினார். வெளியே வந்து நின்றபோதுதான் உறைத்தது. நான் மேடையில் சொன்னதும் அவர் சொன்னதும் ஒரே வாக்கியம். ஆண்டைகள் சொன்னதும் அதுதான்: அதுகளுக்கு வெயில் தெரியாது.

தெரியும். மெலனின் என்ற கறுப்புப் பொருள் நம் தோலுக்கு ஒரு காப்பு, அதில் சந்தேகமில்லை. 1979ல் அமெரிக்காவில் கைட்பே, கிளிக்மன் ஆகியோரடங்கிய குழு இதை அளந்தது. கறுப்பர்களின் மேல்தோல் தருகிற காப்பு எஸ்.பி.எஃப். கணக்கில் சுமார் 13. வெள்ளையர் தோலில் சுமார் 3. தோல் புற்றுநோய் நம்மவர்களுக்குக் குறைவாக வருவதற்கு அது ஒரு காரணம். ஆனால் பதிமூன்று மடங்கு என்பது காலை ஏழிலிருந்து மாலை ஆறுவரைக்கும் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லை. புறஊதாக் கதிரில் நீளமான வகை, தோலின் ஆழத்துக்குப் போவது, கறுப்புத் தோலையும் கடக்கும். கன்னத்தில் படிகிற மங்கு, வெயில் ஒவ்வாமைக் கொப்புளம், பிடரியில் கட்டம் கட்டமாக வெடித்துத் தடித்துப்போகிற தோல் எல்லாம் இந்த வெயில் செய்கிற வேலைதான். கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலத்துக்கு மெலனின் கவசம் கிடையாது. என் அம்மாவுக்குக் கருவிழி மேல் சதை வளர்ந்து அறுவை செய்தபோது, அங்கிருந்த இளம் பெண் மருத்துவர், 'எத்தனை வருஷம் நாத்து நட்டீங்க?'ன்னுதான் முதலில் கேட்டார். சேற்றுத் தண்ணியில் பட்டு மேலே எழும்புகிற வெயிலும் கண்ணுக்குள் போகும் என்று அவர்தான் விளக்கினார். என் கைக்கு வந்தது என்ன என்றும் அவரே சொல்லி, முழுக்கைச் சட்டையும் ஒரு களிம்பும் எழுதிக்கொடுத்தார்.

களிம்பின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன். அட்டையில் போட்டிருக்கிற எண் உண்மையாக வேலை செய்ய, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். திறந்த உடம்பு முழுதும் என்றால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 மில்லி. வேர்த்தால் போய்விடும், இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். 1930ல் உத்தரவிட்டபடி உடுத்தி, 1931ல் உத்தரவிட்டபடி பதினோரு மணி நேரம் நிற்கிற ஒரு உடம்புக்கு ஒரே நாளில் 50 மில்லி ட்யூப் மூன்றுக்கு மேல் ஆகும். யார் தருவார்கள்? முகத்துக்கும் புறங்கைக்கும் அது உதவும், வேண்டாமென்று சொல்லவில்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், சிவப்பாக அல்ல, வெந்துபோகாமல் இருக்க. ஆனால் களிம்பு சூட்டைத் தடுக்காது. வெயிலில் மயங்கி விழுகிறவரைத் தூக்கி நிறுத்தாது. அதற்கு நிழலும் தண்ணியும் நிறுத்தி ஓய்வெடுக்கிற உரிமையும் வேண்டும். 2005ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையில், வேலைத்தளத்தில் குடிநீர், பிள்ளைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி என்று எழுதினார்கள். சட்டத்தில் 'நிழல்' என்ற சொல்லைப் பார்த்த அன்று எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. தலித் ஒருவர் செருப்புப் போடுவதைத் தடுத்தால் அது வன்கொடுமை என்று பெயர் சொல்லி எழுத 2015ஆம் வருஷத் திருத்தம் வரை ஆயிற்று. அந்த வரியில் குடை இல்லை.

நூறு நாள் வேலைக்கு அம்மா போனபோது கண்மாய்க் கரையில் பார்த்திருக்கிறேன். ஒரு வரிசை முழுக்கப் பெண்கள், சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரிந்திருக்கும். எனக்கு மூன்றாவது தடையும் ஆறாவது தடையும் ஒரே நேரத்தில் கிழிந்து தொங்குவதாகத் தெரிந்தது. அப்பா செத்த பிறகு அவருடைய மற்ற சாமான்களையெல்லாம் கொடுத்துவிட்ட அம்மா, நாலு சட்டையை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் ஒன்றைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தார்.

கண் அறுவைக்குப் பிறகு அம்மாவுக்கும் ஒரு ட்யூப் வாங்கிக்கொண்டு போனேன். திறந்து மோந்து பார்த்தார். விலையைக் கேட்டார். சொன்னேன். 'இந்தக் காசுக்கு ஒரு சட்டை எடுத்திருக்கலாமேடா'ன்னார். மூடியைத் திருகி என் கையில் திரும்பக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: 'அடுத்த தடவை வர்றப்ப எடுத்துட்டு வா. முழுக்கையா பாத்து எடு.'