ஜாவா மனிதன்

ஜாவா மனிதன்: ஜாவாத் தீவில், ஸோலோ ஆற்றங்கரையிலுள்ள திரினில் கிராமத்தருகே 1891-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிப்பட்ட ஆதிமனித எச்சங்களுக்கும், பின்னர் அத்தீவின் பிற பகுதிகளில் அகப்பட்ட அவற்றையொத்த எச்சங்களுக்கும் வழங்கிவரும் பெயர். இக்கால மானிடவியலார் இவ்வினத்தை ஹோமோ எரக்டஸ் என்பர். ஆப்பிரிக்காவில் தோன்றிக் கிழக்கு நோக்கிப் பரவிய இவ்வினத்தார், பனியுகங்களில் கடல் தாழ்ந்து, சுமத்திராவும் ஜாவாவும் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டியிருந்த காலங்களில் நடந்தே இங்கு வந்து சேர்ந்தனர் என்பது பெரும்பாலோர் கொள்கை.

இத்தீவின் ஆற்றுப்படுகைகளில் கல்லாய் உறைந்த பேரெலும்புகள் கிடைப்பதைக் குடியானவர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். அவற்றைப் பூதங்களின் எலும்புகள் என்று நம்பினர். ஓவியர் ராடன் சலே 1860-களில் சிலவற்றைத் தோண்டியெடுத்தார்.

துபுவாவின் அகழ்வு: மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குக்கும் இடைப்பட்ட ஒரு ஜீவன் இருந்திருக்க வேண்டும் என்று அனுமானித்த ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல், ஓர் எலும்பும் கிடைக்காத காலத்திலேயே அதற்குப் பித்தகாந்த்ரோபஸ் என நாமகரணம் செய்துவிட்டார். அந்த ஜீவனைத் தேடிக் கண்டே தீர்வதென்று, ஆம்ஸ்டர்டாமில் உடற்கூற்றியல் கற்பித்துவந்த யூஜேன் துபுவா (1858–1940) தம் உத்தியோகத்தைத் துறந்து, டச்சுக் காலனிப் படையில் வைத்தியராகச் சேர்ந்து, மனைவியோடும் கைக்குழந்தையோடும் 1887-இல் சுமத்திராவுக்குக் கப்பலேறினார். அங்குள்ள குகைகள் அவருக்கு ஏமாற்றத்தையும் மலேரியாவையுமே அளித்தன. 1890-இல் ஜாவாவுக்கு மாற்றலானபின், சர்க்கார் தந்த இரு சார்ஜெண்டுகளின் மேற்பார்வையில் கைதிகள் மண்ணை அகழ, கிடைத்தவை பெட்டிகளில் அவர் இருப்பிடத்துக்கு வந்தன. 1891 செப்டம்பரில் ஒரு கடைவாய்ப்பல்லும், அடுத்த மாதம் தடித்த புருவமேட்டோடு கூடிய ஒரு மண்டையோட்டு மேற்பகுதியும், 1892 ஆகஸ்டில், மண்டையோடு கிடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் தள்ளி ஓர் இடது தொடையெலும்பும் அவ்வாறு வந்தவையே. முதலில் மண்டையோட்டை வாலில்லாக் குரங்கினுடையது எனக் கருதிய துபுவா, நிமிர்ந்து நடந்ததற்குச் சான்றான தொடையெலும்பும் அதே ஜீவனுக்கு உரியது எனத் துணிந்து, ஹெக்கல் சூட்டிய பெயரையே தழுவி, 1894-இல் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தம் நூலை வெளியிட்டார். அகழிடத்தின் எதிர்க்கரையில் அவர் நாட்டிய கல், எச்சங்கள் கிடைத்த இடம் அங்கிருந்து கிழக்கு-வடகிழக்கே 175 மீட்டர் தொலைவில் உள்ளதென்று, வேறு புகழ்ச்சி எதுவுமின்றி, அம்புக்குறியிட்டுக் காட்டுகிறது.

1895-இல் லைடனில் கூடிய விலங்கியல் மாநாட்டில் ஜெர்மானிய அறிஞர் ஃபிர்கோ முதலியோர் இது பெருங்கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கின் மண்டையோடே என்றனர். மனிதனுடையதே என்றவர்களும் உண்டு. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சிக்கு ஜாவா மனிதனின் முழு உருவச்சிலையைத் தாமே சமைத்த துபுவா, அதற்குத் தம் மகனையே மாதிரியாக நிற்கவைத்தார். பின்னர், காரணம் மனக்கசப்போ ஆராய்ச்சி முற்றுப்பெறாமையோ, எச்சங்களைப் பிறர் காணவொட்டாது வைத்திருந்து 1923-இல்தான் திறந்துகாட்டினார். இறுதிக்காலத்தில் அவரே இதைப் பெருங்கிப்பன் என ஒப்புக்கொண்டார் எனப் பல நூல்கள் கூறும். அவர் எழுத்தைப் பிழைபடப் படித்ததால் விளைந்த கதை இது என்பாரும் உளர். தொடையெலும்பு பிற்கால மனிதனுடையதாக இருக்கலாம் என்ற ஐயமும் தீர்ந்தபாடில்லை.

பிற்கால அகழ்வுகள்: 1907–08-இல் திருமதி செலெங்கா தலைமையில் திரினில் சென்ற குழுவினர்க்கு ஜாவா மனிதனின் எச்சம் எதுவும் அகப்படவில்லை. 1930-களில் ஜாவாவின் சங்கிரானில் தேடிய புதைபடிவ ஆய்வாளர் ஃபான் கோனிக்ஸ்வால்ட், துண்டு ஒன்றுக்கு இவ்வளவு காசு என அறிவிக்கப்போக, கூலியாட்கள் பெரிய துண்டுகளையும் உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தனர் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அத்துண்டுகளை ஒட்டவைத்து உருவான மண்டையோடு துபுவாவின் கண்டுபிடிப்பை உறுதிசெய்தது எனப் பலர் கொண்டபோதிலும், துபுவா மட்டும் இசையவில்லை. ஜாவாவின் ஙாண்டோங்கில் கிடைத்த மண்டையோடுகளுள் ஒன்று இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஜப்பானியச் சக்கரவர்த்திக்குப் பிறந்தநாள் காணிக்கையாகச் சென்று, யுத்தம் முடிந்தபின் மீட்கப்பட்டது.

வகைப்பாடும் காலக்கணிப்பும்: 1950-இல் உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் மேயர் இவ்வினத்தை ஹோமோ பேரினத்தில் சேர்த்தார். ஜாவாவில் இவர்கள் 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தனர் என 1994-இல் ஒரு குழுவினர் கணித்தனர். சங்கிரான் எச்சங்கள் 13 லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவையாகா என 2020-இல் வேறொரு குழுவினர் வாதிட்டனர். ஙாண்டோங் எச்சங்கள் ஏறத்தாழ 1,08,000 முதல் 1,17,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்ற அண்மைக் கணிப்பு ஏற்கப்படின், இவ்வினத்தார் வேறெங்கும் இல்லாத நெடுங்காலம் ஜாவாவில் எஞ்சியிருந்தனர் என்றாகும்.

துபுவாவின் பெட்டிகளில் நூறாண்டுக்கு மேல் கிடந்த சிப்பி ஒன்றில் இவ்வினத்தார் வளைவு நெளிவாகக் கீறிய கோடுகள் இருப்பதாக 2014-இல் அறிவிக்கப்பட்டது. அவர் தொகுத்தவற்றுள் அடங்கிய 28,000-க்கு மேற்பட்ட புதைபடிவங்களை இந்தோனேசியாவிடம் திருப்பியளிக்க நெதர்லாந்து அரசு 2025-இல் இசைந்தது.