வேங்கடத்துக்குத் தெற்கே ஒரு கைபேசி

குடுபல்லி என்று சொன்னால் நம்மூர்க்காரர்கள் "எங்கேப்பா இருக்கு அது?" என்றுதான் கேட்கிறார்கள். ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில், குப்பத்துக்குப் பக்கத்தில். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் குப்பம் தாண்டியதும் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் சின்ன ஸ்டேஷன். மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. குடும்பம் கும்பகோணத்தில். பையன் பத்தாவது, அசைக்க முடியாது. பகலெல்லாம் பயிர்க்கடன், நகைக்கடன், பட்டுப்பூச்சி வளர்ப்புக் கடன். ராத்திரி ஆனால் நானும் என் கைபேசியும்தான்.

நான் பி.காம். ஆசாமி. கல்லூரியில் தமிழ் என்றால் நோட்ஸ் பார்த்துப் பாஸ் செய்ய வேண்டிய ஒரு பேப்பர், அவ்வளவே. நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்து, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்த பிறகுதான் சங்க இலக்கியத்துக்குள் நுழைந்தேன் என்றால் சிரிக்காதீர்கள். கரண்ட் போனாலும் படிக்கலாம், கொசுவலைக்குள்ளும் படிக்கலாம். எல்லாவற்றையும் விட, தேடலாம்!

ஒரு நாள் சும்மா "வேங்கட" என்று அடித்து அகநானூற்றில் தேடினேன். வேங்கடம் என்றால் நம்ம திருப்பதி மலைதான். பழந்தமிழ் நாட்டின் வடக்கு எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் மலை. வரிசையாகப் பாடல்கள் வந்து விழுந்தன. புல்லி என்ற தலைவனின் வேங்கட மலை, அதைத் தாண்டினால் வேறு மொழி பேசும் நாடு, அந்தக் காட்டு வழியில் பொருள் தேடிப் போன கணவன், வீட்டில் காத்திருக்கும் மனைவி. மாமூலனார் என்ற புலவர் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்.

அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சம்பளத்துக்காக வீட்டை விட்டு வந்து, தெலுங்கில் தட்டுத்தடுமாறி லோன் கணக்குச் சொல்லும் என் கதை அல்லவா இது! இதில் வேடிக்கை, வரைபடத்தில் பார்த்தால் குடுபல்லி திருப்பதிக்குத் தெற்கே இருக்கிறது. பழைய எல்லைக் கணக்குப்படி நான் இன்னும் ஊருக்குள்ளேதான் இருக்கிறேன். மொழிதான் எல்லையைத் தாண்டி வந்துவிட்டது.

சரி, சுமார் 2000 வருடத்துப் பாட்டு என் கைபேசிக்கு எப்படி வந்தது? யாரோ எழுதினார்கள், நாம் படிக்கிறோம் என்று விட்டுவிட முடியவில்லை. நடுவில் யார் கை மாற்றினார்கள் என்று பார்க்கும் புத்தி வங்கிக்காரனுக்கு உண்டு.

முதல் கைமாற்றம் எங்கள் கும்பகோணத்திலேயே நடந்திருக்கிறது. 1880-ல் உ.வே. சாமிநாதையர் அங்கே கல்லூரித் தமிழாசிரியராகச் சேர்ந்தார். வயது 25. அதே ஆண்டு சேலம் இராமசாமி முதலியார் முன்சீபாக மாற்றலாகி வந்தார் (அவரும் நம்ம மாதிரி மாற்றல் கேஸ்தான்). அக்டோபர் 21-ஆம் தேதி இருவரும் சந்தித்தார்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கே அது கிடைத்திருக்கவில்லை!

அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பம். ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டார். பிறகு 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையை மறக்கக்கூடாது. அதே 1887-ல் கலித்தொகையை அச்சேற்றியவர் அவர். நான் படித்த அகநானூறு முழுதாக அச்சில் வர இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஏடு தேடிப் போன இடத்தில் எல்லாம் கிடைத்துவிடவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருந்ததாகக் கேள்விப்பட்டுப் போனால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாகிவிட்டது என்று பதில் வந்ததாம். அதில் என்ன நூல் இருந்ததோ, இனி எந்தத் தேடலிலும் வராது.

இரண்டாவது கைமாற்றம் நம் காலத்தில் நடந்தது. அமெரிக்காவில் 1971-லேயே மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டி, குடன்பர்க் திட்டத்தை ஆரம்பித்துவிட்டார். தமிழுக்கு 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பிறந்தது. முன்னின்றவர் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள், பைசா வாங்காமல், வேலை முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து நூல் நூலாகத் தட்டினார்கள். இன்னொருவர் பிழை பார்த்தார். முதல் எண் திருக்குறளுக்கு. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2005-ல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம் வந்தது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு, படி எடுத்து வைப்பதன் அருமை தெரியாமல் இருக்குமா?

கணினியில் ஏற்றிவிட்டால் சிரஞ்சீவி என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. பிறகு திஸ்கி. அதன் பிறகு யூனிகோடு. ஒவ்வொரு முறையும் பழைய கோப்புகளைப் புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாமல் விட்டது இன்று திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கரையான் அரித்த ஏட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இது எனக்கு நன்றாகவே புரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் லெட்ஜர் கணக்குகளைக் கணினிக்கு ஏற்றினோம். முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு பாட்டி நைந்துபோன பாஸ்புக்கோடு வந்தார். கணினியில் பார்த்தால் அப்படி ஒரு கணக்கே இல்லை. "போட்ட பணம் எங்க தம்பி போகும்?" என்று கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் ரெக்கார்டு ரூமில் தூசி தின்று, ஓரம் அரித்த லெட்ஜரில் அவர் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். ஏற்றும்போது இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஏற்றியதைச் சரிபார்த்தவர்களில் அடியேனும் ஒருவன். பணம் கிடைத்துவிட்டது. அவர் கையில் பாஸ்புக் இருந்தது, அதனால் பிழைத்தோம். காணாமல் போன நூலுக்கு யார் பாஸ்புக் கொண்டு வருவார்கள்?

சரிபார்ப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. "புல்லி"யில் ஒரு எழுத்து விட்டுப்போனால் "புலி". வேங்கடத்துத் தலைவன் போய் விலங்கு வந்துவிடும். படிப்பவருக்குச் சந்தேகமும் வராது, மலைக்காட்டில் புலி இருக்கும்தானே!

போன தடவை ஊருக்குப் போனபோது தாத்தா வீட்டுப் பரணிலிருந்து அட்டை போன ஒரு தலபுராணத்தை எடுத்து வந்தேன். எழுதியவர் காலமாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் நாட்டில் 60 வருடம் போனாலே காப்புரிமை முடிந்துவிடும் என்பதால் வில்லங்கம் இல்லை. இணையத்தில் தேடிப் பார்த்தேன், எங்கும் அகப்படவில்லை. தினம் இரண்டு பக்கம் தட்டுகிறேன். தாள் தொட்டால் உதிர்கிறது. ஒட்டிய பக்கங்களை மட்டும் மறக்காமல் பிரித்துப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன். பழைய பேப்பர்க்காரர் வருவதற்கு முன்னால்.