வாக்காளர் பட்டியலும் முகாம் பதிவேடும்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கு ஓர் இடம் உண்டு. விக்கிரகமில்லை, சுவரோவியம்தான். ரொட்டி படைக்கிறார்கள். 'மற்றவரை அணைத்துக்கொண்ட மரபு' என்று நம்மாட்கள் இதைச் சொல்லிப் பூரிப்பதுண்டு. தப்பில்லை. ஆனால் கதையில் இடம் தருவது வேறு, அதிகாரத்தில் பங்கு தருவது வேறு. இரண்டாவதைப் பேச வேண்டுமானால் காவிரியைத் தாண்டி, திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கொட்டப்பட்டு அகதி முகாமுக்குப் போகவேண்டும்.

1904இல் இலங்கைத் தோட்டத் துரைமார்கள் ஆள்சேர்க்கும் கமிஷனைத் திருச்சியில்தான் வைத்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து நிலமற்றவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், கங்காணியிடம் பட்ட கடனோடு கடல் கடந்தார்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேர் இலங்கைப் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தன. சும்மா விடுவார்களா? 1948 சட்டத்தில் குடியுரிமை போச்சு, 1949இல் வாக்குரிமையும் போச்சு.

கவனிக்க: பறித்தது சர்வாதிகாரி அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை, முறைப்படி வாக்கெடுத்துப் பறித்தது. ஜனநாயகம் தலைகளை எண்ணும் ஏற்பாடு என்கிறோம். எண்ணுவதற்கு முன்பே, யார் 'மக்கள்', யார் 'மற்றமை' என்று கோடு போட்டாகிவிடுகிறது. அந்தக் கோட்டைப் பற்றி, வெளியே நிற்பவனிடம் யாரும் வாக்குக் கேட்பதில்லை.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். 1974இல் அதையும் சரிபாதியாக்கினார்கள்.

1983 வன்முறைக்குப் பிறகு படகேறி வந்தவர்களில் இந்த மலையகத்தாரும் இருந்தார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது. ஒப்பந்தப்படி இந்தியராக வேண்டியவர்கள் இங்கே 'அகதி'யானார்கள். பாட்டனை ஆள்பிடித்து அனுப்பிய ஊரிலேயே பேரன் முகாம் பதிவேட்டில் ஒரு வரி. 2019 குடியுரிமைத் திருத்தம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் சொன்னது. அதில் இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பலகை மாறியது, பட்டியல் மாறவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஒரு பெண் வாக்களித்தார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமக்களே என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, நீதிமன்றம் ஏறிப் பெற்ற உரிமை. அந்தத் தேதிக்குப் பின் இங்கே அகதிப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்குத் திருச்சியைத் தவிர வேறு ஊர் தெரியாது. வாக்குச்சாவடி வாசல்வரை வரலாம். வேடிக்கை பார்க்கத் தடையில்லை.