ஆவூரில் வேரூன்றிய விசுவாசம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைப் பக்கமுள்ள ஆவூர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், காவியுடை தரித்துப் புலால் நீக்கித் தமிழ்த் துறவிகளின் ஆசாரத்தை மேற்கொண்ட சேசு சபைக் குருவாகிய வெனான்சியுஸ் புஷே அடிகளால் மதுரை மிஷனின் தலமாக நிலைபெற்ற சிற்றூராகும். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், அதே மிஷனின் பணி பரவிய மறவர் சீமையின் பிரபுவான தடியத் தேவர், ஞானஸ்நானம் பெறும் பொருட்டு மனைவியருள் ஒருத்தியை மட்டுமே வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். அதனால் மூண்ட அரச கோபத்தில், அவருக்கு ஞானஸ்நானம் அளித்த சேசு சபைக் குருவாகிய அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஒருவன் இல்லறத்தையே மாற்றியமைத்த அவ்விசுவாசத்தின் வலிமையை வியக்கும் நாம், விலக்கப்பட்ட மாதரின் துயரத்தையும் மறத்தலாகாது.

வீரமாமுனிவரும் திருப்பணியாற்றிய ஆவூரில் 1747-இல் புதிய ஆலயம் எழுந்தது. 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டுக் குருக்கள் அருகியபோது, மிஷனின் கிராமங்களில் ஜெபங்களை வாய்மொழியாகவே பிள்ளைகளுக்குப் பாடமாக்கியும், மரணத் தறுவாயிலிருப்போருக்கு ஞானஸ்நானம் அளித்தும் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களே. அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் ஏடேறவில்லை என்பது என் மனத்தை வருத்துகின்றது. ஈஸ்டர் காலத்துப் பாஸ்கா நாடகமும் தேரோட்டமும் ஆவூரில் இன்றும் நடைபெற்று வருகின்றன.