மின்னஞ்சல் வழங்கி அமைவுகளின் வரலாறு

ஒரு மின்னஞ்சல் கணக்கைக் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள செயலியுடன் இணைக்கத் தேவையான விவரங்களே மின்னஞ்சல் வழங்கி அமைவுகள். மடல்களைப் பெறும் வழங்கியின் பெயர், அனுப்பும் வழங்கியின் பெயர், அவற்றின் போர்ட் எண்கள், குறியாக்க முறை ஆகியவை இவற்றுள் அடங்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் தேவையால் உருவானவை.

முகவரியும் வழியும்

மடல் செல்லும் வழியை யார் அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அஞ்சல்துறை முன்பே சந்தித்தது. இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. 613001 தஞ்சாவூரையும் 612001 கும்பகோணத்தையும் 610001 திருவாரூரையும் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டும். கடிதம் எந்த ரயிலில் போகும் என்று எழுதுபவர் அறிய வேண்டியதில்லை.

தொடக்ககால மின்னஞ்சலில் நிலைமை வேறு. யூயூசிபி என்ற முறையில், மடல் கடக்க வேண்டிய கணினிகளின் பெயர்களை அனுப்புபவரே வரிசையாக, இடையிடையே ஆச்சரியக்குறி இட்டு எழுதினார். இடையில் ஒரு கணினி நின்றுவிட்டால் மடலும் நின்றுவிடும். 1983இல் களப்பெயர் முறையும், 1986இல் எம்.எக்ஸ். பதிவும் வந்தன. ஒரு களப்பெயருக்கு வரும் மடலை எந்த வழங்கி ஏற்கும் என்பதை எம்.எக்ஸ். பதிவு சொல்லும். இந்தியாவில் எர்நெட் கல்வி வலையமைப்புத் திட்டம் தொடங்கியதும் 1986இல்தான், சென்னை ஐ.ஐ.டி. அதன் பங்கேற்பு நிறுவனங்களுள் ஒன்று.

பெறுதலும் அனுப்புதலும்

மடல் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் வெளியிட்டார். மடலைப் பெற இரு முறைகள் நிலைத்தன. 1988இல் வெளியான பாப்3, மடலைப் பயனரின் கணினிக்கு இறக்கித் தரும். மார்க் கிரிஸ்பின் 1986இல் உருவாக்கிய ஐமேப், மடலை வழங்கியிலேயே வைத்துப் படிக்க விடும்.

டயல்-அப் காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையை நான்கு பெருநகரங்களில் தொடங்கியது. அப்போது தஞ்சாவூர் போன்ற ஊர்களிலிருந்து சென்னை இணைப்பை அழைக்க எஸ்.டி.டி. கட்டணமும் சேர்ந்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் இணையச் சேவை திறக்கப்பட்டது. நிமிடத்துக்குக் காசு போன அக்காலத்துக்குப் பாப்3 பொருந்தியது: மடல்களை இறக்கி, இணைப்பைத் துண்டித்து, பிறகு நிதானமாகப் படிக்கலாம். ஆனால் இறக்கிய மடலை வழங்கியிலிருந்து நீக்குவதே பல செயலிகளின் இயல்பான அமைவு. கணினியின் வன்தட்டு பழுதானால் பல ஆண்டுக் கடிதங்களும் போய்விடும். இன்றும் பழைய பாப்3 அமைவை அப்படியே வைத்திருப்போருக்கு இந்த ஆபத்து உண்டு.

போர்ட் எண்கள்

பழைய எண்கள் அனுப்ப 25, பாப்3க்கு 110, ஐமேப்புக்கு 143. அவற்றில் கடவுச்சொல்லும் மடலும் மறைப்பின்றிச் சென்றன. பயனர் மடல் அனுப்புவதற்கென 1998இல் 587 ஒதுக்கப்பட்டது. இன்று குறியாக்கத்துடன் அனுப்ப 465 அல்லது 587, ஐமேப்புக்கு 993, பாப்3க்கு 995 என்பவை வழக்கம்.

அமைவுகளைக் கண்டறிதல்

2009 டிசம்பரில் வந்த தண்டர்பேர்ட் 3, முகவரியைக் கொண்டே அமைவுகளைத் தேடும் வசதியைத் தந்தது. களப்பெயர்ப் பதிவுகளிலேயே இவ்விவரத்தை அறிவிக்கும் முறை 2011இல் வரையறுக்கப்பட்டது. எனினும் எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை.

கும்பகோணத்து அரிசி ஆலை ஒன்று சொந்தக் களப்பெயரில் மின்னஞ்சல் வைத்திருப்பதாகக் கொள்வோம். அமைத்துத் தந்தவர் தொடர்பில் இல்லையென்றால், அந்தக் களப்பெயரின் எம்.எக்ஸ். பதிவைப் பார்க்கலாம். மடல்களை ஏற்கும் நிறுவனம் எது என்று பெரும்பாலும் அதிலிருந்து தெரியும். ஆனால் அங்குள்ள பெயரைச் செயலியில் அப்படியே இடக்கூடாது. அது பிற வழங்கிகள் மடலைக் கொண்டுவந்து சேர்க்கும் வாயில். பயனர் இட வேண்டிய ஐமேப், எஸ்.எம்.டி.பி. பெயர்கள் அந்நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும். அமைவுகள் சரியாக இருந்தும் கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டால், செயலிக்கெனத் தனிக் கடவுச்சொல் தேவையா என்றும் அங்கே பார்க்க வேண்டும். கூகுள் 2022 மே 30 முதல், கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பிற செயலிகள் நுழைவதைப் படிப்படியாக நிறுத்தியது.