வானில் ஒரு முக்கோணம்

நான் ஆசிரியராயிருந்த காலத்தில் ஒரு நாள், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்று கரும்பலகையில் நிறுவிக் காட்டினேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, “ஐயா, பந்தின்மேல் வரைந்தாலுமா?” என்றான். “குறும்பு பேசாதே, உட்கார்” என்று அதட்டினேன்.

மாணவர்களே, அவன் கேட்டது குறும்பன்று. பூகோள உருண்டையில் நிலநடுக்கோட்டின் இரு புள்ளிகளை வடதுருவத்தோடு இணைத்துப் பாருங்கள். அடிக்கோணங்கள் இரண்டே 180 பாகை ஆகிவிடும். உச்சிக் கோணம் மிகை. குதிரைச் சேணம் போன்ற பரப்பிலோ கூட்டுத்தொகை குறையும். ஆகவே ஒரு பரப்பை விட்டு வெளியே வராமலே, கோணங்களைக் கொண்டு அதன் வளைவை அறியலாம்.

நாம் வாழும் வெளிக்கும் இச்சோதனை பொருந்துமா? ஜெர்மானியக் கணித மேதை கௌஸ், 1820களில் ஹானோவர் நாட்டை அளந்தபோது, மூன்று மலைமுடிகளுக்கு இடையே பெரியதொரு முக்கோணத்தை அளந்தார். அதன் நீண்ட பக்கம் ஏறத்தாழ 107 கிலோமீட்டர். வெளியின் வளைவைச் சோதிக்கவே அவ்வாறு செய்தார் என்று சுவையாகச் சொல்வதுண்டு. நான் அதை நம்பவில்லை. அவர் மேற்கொண்டிருந்தது நில அளவை.

1917இல் ஐன்ஸ்டைன், பிரபஞ்சம் தன்மேல் வளைந்து மூடிய, என்றும் மாறாத ஒன்று எனக் கணித்தார். 1922இல் ருஷ்ய அறிஞர் பிரீட்மன், அது விரியவும் கூடும் என்று காட்டினார். அக்கணக்கு பிழை என்று ஐன்ஸ்டைன் உடனே எழுதினார். மறு ஆண்டு, பிழை தம்முடையதே என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கடைசி வரிசைப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. பிரீட்மன் 1924இல் சேணம் போல் வளைந்த பிரபஞ்சத்தையும் ஆராய்ந்தார். அடுத்த ஆண்டே, 37 வயதில், குடற்காய்ச்சலால் மறைந்தார்.

எது உண்மை என்று அளந்தறியப் பல்லாண்டுகள் ஆயின. 1998ஆம் ஆண்டின் இறுதியில், ‘பூமராங்’ என்னும் ஆய்வுக்காக, தொலைநோக்கியைச் சுமந்த பெரும் பலூன் ஒன்று தென்துருவக் கண்டத்தைச் சுற்றிப் பறந்தது. பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட தொல்லொளியில் வெப்பத் திட்டுகள் உண்டு. அவற்றின் உண்மை அகலத்தைக் கணக்கிட முடியும். அந்த அகலமே அடிப்பக்கம், நம் கண்ணே உச்சி. இதோ, மலைமுடிகளை விஞ்சிய முக்கோணம்! வெளி பந்துபோல் வளைந்திருந்தால் திட்டுகள் பெரிதாகவும், சேணம் போலிருந்தால் சிறிதாகவும் தெரியவேண்டும். தெரிந்ததோ ஏறக்குறைய ஒரு பாகை. தட்டையான வெளிக்குரிய அளவு. 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பின்வந்த செயற்கைக்கோள்களின் அளவைகளும் பெரும்பாலும் அதையே உறுதி செய்தன.

ஆயினும் ஒரு தாளில் முக்கோணம் வரைந்து, தாளைக் குழாயாகச் சுருட்டுங்கள். கோணங்களின் கூட்டுத்தொகை மாறாது. தாளின் வடிவமோ மாறிவிட்டது. பிரபஞ்சமும் அவ்வாறு எங்கேனும் தன்னோடு இணைந்திருக்கிறதா என்பதை எந்த அளவையும் இன்னும் சொல்லவில்லை.